"எனக்குப் பைத்தியமில்லை, நரம்புதான் சரியில்லை": கறுப்பின மக்கள் மனநலம் என்று எதைச் சொல்கிறார்கள்?

வைகைக்கரை | பால்டிமோர் | சனி, இரவு 10:52

வணக்கம். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. நோயாளியின் விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அறுபது தாண்டிய ஒரு கறுப்பின அம்மா ரத்த அழுத்தம் எகிறி வந்து சேர்ந்தார். சேர்க்கும்போது கேட்கும் வழக்கமான கேள்விகளில் ஒன்று, "மனநலப் பிரச்சினை ஏதாவது இருந்திருக்கிறதா?" கேட்டதும் முகம் இறுகிவிட்டது. "இல்லை. எனக்கு ஒன்றும் பைத்தியமில்லை" என்றார். சரி என்று 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

இருபது நிமிடம் கழித்து, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் எதுவும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். மகன் போய் ஒன்றரை வருடம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை சமையலறை மேஜையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை. மகனுடைய இரண்டு பிள்ளைகளையும் இவர்தான் வளர்க்கிறார். "நரம்பு சரியில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒருநாள்கூடப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு லேட்டாகப் போனதில்லை. அப்புறம் எனக்கு என்ன குறை?"

(நம் ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கும் நரம்புத் தளர்ச்சி இல்லை இது. இங்கே வயதான கறுப்பினப் பெண்கள் பலர் பதற்றம், துக்கம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'நரம்பு' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.)

படிவம் கேட்ட 'மனநலம்' வேறு, அவர் வைத்திருக்கும் அளவுகோல் வேறு என்று தோன்றியது. எழுந்தோமா, பிள்ளைகளை அனுப்பினோமா, அதுதான் அவருக்கு நலம். பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதை ஒழுங்காக யோசித்ததே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொடிநடை | சனி, இரவு 11:20

எல்லா ஊரிலும் உள்ளதுதான் அக்கா. விழிப்புணர்வு இல்லை. மனநோய் என்றால் வெட்கம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். படித்த தலைமுறை வந்தால் தானாகச் சரியாகும். இதற்குத் தனி விளக்கம் எதற்கு?

கரிசல் | ஞாயிறு, காலை 7:05

பொடிநடை, 'விழிப்புணர்வு இல்லை' என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'மனநோய்' என்ற சொல்லை வைத்துத் தங்களை என்னவெல்லாம் செய்தார்கள் என்று நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர் ஒரு புது மனநோயைக் 'கண்டுபிடித்தார்'. டிராப்டோமேனியா என்று பெயர். அறிகுறி என்ன தெரியுமா? அடிமை தன் எஜமானிடமிருந்து ஓடிப்போவது. சிகிச்சை, சாட்டையடி. எழுதப் படிக்கத் தெரிந்த எவனோ கிறுக்கியதல்ல, நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் கட்டுரையாக அச்சானது.

அதற்கு முன்னால் 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வடக்கில் சுதந்திரமாக இருக்கும் கறுப்பர்களிடையே பைத்தியம், தெற்கின் அடிமைகளைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு என்று அதில் வந்தது. விடுதலை இவர்கள் மூளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அமைச்சர் ஜான் கால்ஹூனே அதை எடுத்து அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். நோண்டிப் பார்த்தால் கணக்கே கந்தல். ஒரு கறுப்பர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பினப் பைத்தியக்காரர்கள் இருப்பதாகப் பதிவு. மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊரில் மனநல மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளை நோயாளிகளைக் கறுப்பர் பத்தியில் எழுதி வைத்திருந்தார்கள். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் இதைப் பிரித்து மேய்ந்தார். ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித்தும் எதிர்த்து எழுதினார். அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்க மறுத்ததால் கிளாஸ்கோ போய் 1837-இல் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் ஆப்ரிக்க அமெரிக்கர் அவர். கணக்கை அரசு கடைசிவரை திருத்தவில்லை.

வைகைக்கரை அக்காவின் மாநிலத்துக்கே வருகிறேன். மேரிலாந்தில் 1911-இல் கறுப்பினப் 'பைத்தியங்களுக்கு' என்று தனி மருத்துவமனை திறந்தார்கள், கிரவுன்ஸ்வில்லில். அதைக் கட்டுவதற்கே நோயாளிகளை வேலை வாங்கினார்கள். ஹென்ரியட்டா லாக்ஸைப் பலருக்குத் தெரிந்திருக்கும், அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள்தான் உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்கின்றன. அவருடைய மகள் எல்சி 1955-இல் செத்தது இந்தக் கிரவுன்ஸ்வில்லில்தான். அங்கே இடுகாட்டில் பல கற்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

இப்படி இருக்க, 'மனநலப் பிரச்சினை இருக்கிறதா' என்று ஒரு மருத்துவமனைப் படிவம் கேட்டால் அந்த அம்மா என்ன பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பொடிநடை | ஞாயிறு, காலை 8:40

கார்ட்ரைட் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த அம்மாவுக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. எதற்கெடுத்தாலும் வரலாற்றுக்கு ஓடினால் எப்படி?

கரிசல் | ஞாயிறு, காலை 9:15

பெயர் தெரியவேண்டியதில்லையே. பாட்டி அம்மாவிடம், அம்மா மகளிடம் 'வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது' என்று சொல்லிக் கொடுத்தால் போதும். காரணம் மறந்துபோகும், எச்சரிக்கை தங்கும். பால்டிமோர்ப் பக்கம் 'ராத்திரி டாக்டர்கள்' கதை ஒன்று உண்டு. இருட்டிய பிறகு வெளியே நின்றால் டாக்டர்கள் பிடித்துக்கொண்டு போய் அறுத்துப் பார்ப்பார்கள் என்று கறுப்பினக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அங்கே நம் பூச்சாண்டியின் இடத்தில் டாக்டர்.

பழைய கதையும் இல்லை. 1968-இல், நோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வந்தபோது சந்தேக வகை மனச்சிதைவின் (ஸ்கிசோஃப்ரினியா) விவரிப்பில் 'பகைமை', 'ஆக்ரோஷம்' என்ற சொற்கள் நுழைந்தன. தெருவெல்லாம் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த வருடம் அது. அதே ஆண்டு இரண்டு மனநல மருத்துவர்கள் 'போராட்டப் பித்து' என்றே ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார்கள். 1974-இல் ஒரு மனநல மருத்துவ இதழில் ஹால்டால் என்ற மனநோய் மருந்துக்கு விளம்பரம் வருகிறது. படத்தில் முஷ்டி மடக்கிய ஒரு கறுப்பின ஆண், பின்னால் எரிகிற நகரம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் இனவெறிக்காக மன்னிப்புக் கேட்டது 2021 ஜனவரியில். நேற்று மாதிரி.

தேம்ஸ்கரையான் | தென் லண்டன் | ஞாயிறு, மதியம் 1:30

இங்கிலாந்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. நான் இங்கே பல வருசமாக மனநலப் பிரிவில் ஆதரவுப் பணியாளர்.

இங்கே 'பைத்தியம்' என்பதைவிடப் பயப்படுகிற சொல் 'செக்‌ஷன்'. மனநலச் சட்டத்தின் கீழ், விருப்பமில்லாவிட்டாலும் பிடித்து வைப்பது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பின மக்களை இப்படித் தடுத்து வைக்கும் வீதம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அரசாங்கமே போட்டு, 2018-இல் அறிக்கை வந்த மறுஆய்வுக்கு இதுவும் ஒரு காரணம். குடும்ப வைத்தியர் வழியாக அமைதியாக உள்ளே வருகிறவர்கள் குறைவு. பொலிஸ் வழியாக வருகிறவர்கள் கூடுதல். முதல் சந்திப்பே விலங்கோடு என்றால் 'மனநலச் சேவை' என்ற சொல் காதில் எப்படி விழும், யோசித்துப் பாருங்கோ.

2010-இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் தானாக விரும்பித்தான் ஒரு மருத்துவமனைக்குப் போனார். பதினொரு பொலிஸ்காரர்கள் அமுக்கிப் பிடித்ததில் உயிர் போனது. பெற்றோர் எட்டு வருசம் போராடி 2018-இல் ஒரு சட்டம் வந்தது. எல்லோரும் 'செனியின் சட்டம்' என்றே சொல்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற ஜமைக்காக்காரத் தாய் ஒருவர் இன்னமும் தன் மகனுக்குச் சுகமில்லை என்றால் அம்புலன்ஸைக் கூப்பிட யோசிப்பார். முதலில் தம்பிக்கு, பிறகு பாதிரியாருக்கு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு ஃபோன்.

இன்னொன்று. இங்கிலாந்தில் கரீபியப் பின்னணிக்காரருக்கு மனப்பிறழ்வு நோய் வீதம் கூடுதலாக வருகிறது என்று பல ஆய்வு. ஆனால் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் தீவுகளிலேயே போய்ப் பார்த்தால் அந்தளவு இல்லை. அப்போ ரத்தத்தில் இருக்கிற ஒன்று இல்லை இது. வந்து சேர்ந்த ஊரில் ஏதோ நடக்கிறது.

கடைசியாக, 'கறுப்பின மக்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீங்கோ. என் வார்டில் நைஜீரியர், சோமாலியர், ஜமைக்கர் மூன்று பேரும் மூன்று விதமாகக் கதைப்பார்கள்.

மாத்திரைப்பெட்டி | ஹூஸ்டன் | ஞாயிறு, மாலை 4:12

மருந்தாளுநர் பேசுகிறேன். உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் எண்களைப் பார்ப்போம்.

2001 முதல் 2003 வரை மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஜாக்சன் தலைமையில் ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. 2007-இல் வந்த முடிவு இது. வாழ்நாளில் ஒருமுறையாவது பெரும் மனச்சோர்வு வந்தவர்கள்: வெள்ளையரில் 17.9 சதவீதம், கரீபியக் கறுப்பினத்தவரில் 12.9, ஆப்ரிக்க அமெரிக்கரில் 10.4. கறுப்பின மக்களுக்குக் குறைவு! ஆனால் வந்தவர்களில் அது விடாமல் நீடிப்பது வெள்ளையரில் 38.6 சதவீதம் என்றால் கறுப்பினத்தவரில் 56-ஐத் தாண்டுகிறது. அப்படி வந்த ஆப்ரிக்க அமெரிக்கரில் ஏதாவது சிகிச்சை பெற்றவர்கள் பாதிகூட இல்லை.

(மனச்சோர்வு என்றுதான் எழுதுகிறேன், 'மன அழுத்தம்' என்று எழுதவில்லை. நம் பத்திரிகைகள் ஆபீஸ் டென்ஷனுக்கும் டிப்ரஷனுக்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கின்றன. நாமே இப்படி, அவர்கள் 'நரம்பு' என்று சொன்னால் மட்டும் அறியாமையா?)

பொடிநடை | ஞாயிறு, மாலை 4:30

பார்த்தீர்களா, 10.4. அவர்கள் நம்மைவிடத் தெம்பானவர்கள். அவ்வளவு அடிபட்டவர்களுக்கு மனசு இரும்பாகிவிடும். இதில் பிரச்சினை எங்கே?

மாத்திரைப்பெட்டி | ஞாயிறு, மாலை 4:51

இரண்டாவது எண்ணை விட்டுவிட்டீர்களே. குறைவாக வருகிறது, வந்தால் போவதில்லை. ஆராய்ச்சியாளர்களே இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் முரண் இது. உண்மையிலேயே குடும்பமும் சர்ச்சும் காப்பாற்றுகின்றன என்பார் ஒருவர். கேள்விகளே இவர்கள் துன்பத்தைப் பிடிப்பதில்லை என்பார் இன்னொருவர். 'இரண்டு வாரமாக மனசு சோகமாக இருந்ததா' என்று கேட்டால் 'இல்லை' என்று வரும். தலைவலி, கோபம், ரத்த அழுத்தம், களைப்பு என்று கேட்டிருந்தால் ஒருவேளை 'ஆமாம்' என்று வந்திருக்கும்.

கரிசல் | ஞாயிறு, இரவு 9:00

இரும்பு என்று பொடிநடை சொன்னதும் ஜான் ஹென்றி ஞாபகம் வந்தது. ரயில்பாதைச் சுரங்கத்தில் பாறையில் உளி அடிக்கும் கறுப்பினத் தொழிலாளி. நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்தான். ஜெயித்த கையோடு சம்மட்டியைப் பிடித்தபடியே செத்தான். இது நாட்டார் கதை.

இனி நிஜக் கதை. ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், 1970-களின் கடைசியில் வட கரோலினாவில் ஒரு முதிய விவசாயியைப் பேட்டி எடுக்கப் போனார். குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிதாகப் பள்ளிப் படிப்பு கிடையாது. நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் சொந்த நிலம், கடனையெல்லாம் அடித்துப் பிடித்து ஐந்தே வருடத்தில் அடைத்தார். ஐம்பதுகளின் கடைசியில் உடம்பு என்ன ஆச்சு? உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், குடல்புண். இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாராம். அப்போதுதான் அவர் பெயர் ஜேம்ஸுக்கு உறைத்தது. ஜான் ஹென்றி மார்ட்டின்.

ஜேம்ஸ் 1983-இல் 'ஜான் ஹென்றித்தனம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அதை அளக்கப் பிறகு வழக்கமான பட்டியலில் பன்னிரண்டு வாக்கியங்கள். வழி அடைத்தால் இன்னும் வேகமாக முட்டுவேன் என்ற மாதிரி ஒவ்வொன்றும் தனக்கு எந்த அளவுக்கு உண்மை என்று சொல்லவேண்டும். வசதி உள்ளவர்களுக்கு அந்தப் பிடிவாதம் பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் முட்டுகிறவர்களுக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்பது அவர் கருத்து. எல்லா ஆய்விலும் அப்படியே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த விவசாயியைக் கேட்டிருந்தால் 'எனக்கு மனசில் ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யும் இல்லை. கணக்கை இரைப்பை வைத்திருந்தது.

மஞ்சள்பை | அட்லாண்டா | திங்கள், காலை 10:10

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா (ஆமாம், நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கும் பழகிவிட்டது) அப்படியே ஜான் ஹென்றி. வங்கி வேலை, சர்ச்சில் கோரஸ், படுத்த படுக்கையாக அம்மா, தங்கை பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். 'எப்படி இருக்கீங்க' என்றால் உடனே பதில் வரும்: 'இவ்வளவு ஆசீர்வாதம் இருக்கும்போது டென்ஷன் எங்கே?' ஆங்கிலத்தில் எதுகையோடு சொல்வார், காபிக் கோப்பையிலும் அதுவே அச்சடித்திருக்கும்.

'வலிமையான கறுப்பினப் பெண்' என்ற பிம்பத்தைச் செரில் வுட்ஸ் கிஸ்கோம்பே என்ற செவிலியர்-பேராசிரியர் 2010-இல் பிரித்து எழுதியிருக்கிறார். அவர் பேசிய பெண்கள் சொன்னது: எப்போதும் தெம்பாகத் தெரியவேண்டும், உணர்ச்சியை அடக்கவேண்டும், யாரையும் சார்ந்து நிற்கக் கூடாது, எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜெயித்துக் காட்டவேண்டும், தன்னைவிட்டு மற்றவர்களைக் கவனிக்கவேண்டும். எனக்குப் பிடித்தது, அவர் இதை நோய் என்று எழுதாததுதான். இதனால்தான் குடும்பம் நிற்கிறது என்று அந்தப் பெண்களே பெருமையாகச் சொன்னார்கள், அதே மூச்சில் தூக்கம் போனதையும் சாப்பாடு தாறுமாறானதையும் சொன்னார்கள்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா காரை நிறுத்திவிட்டு இறங்காமலே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். 'ஒன்றுமில்லை. வீட்டுக்குள் போனால் எல்லோருக்கும் நான் வேண்டும். இங்கே யாருக்கும் வேண்டாம்' என்றார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, ரேடியோகூடப் போடவில்லை.

பொடிநடை | திங்கள், காலை 11:02

சரி, இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சர்ச் விஷயம் இடிக்கிறது. 'ஜெபம் பண்ணு, சரியாகும்' என்று சொல்லித்தானே டாக்டரிடம் போகாமல் தடுக்கிறார்கள்? 'நம்பிக்கை குறைவு, அதனால்தான் சோர்வு' என்று குற்றம் சொல்லும் பாதிரியார்கள் இல்லையா?

மஞ்சள்பை | திங்கள், காலை 11:40

இருக்கிறார்கள். அக்காவே முதலில் அதற்குப் பயந்தார். ஆனால் அதே சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லும் வழக்கமும் இருக்கிறது. 'போன மாதம் செத்துவிடலாம் என்று நினைத்தேன்' என்று மைக்கில் ஒருவர் சொல்ல, நாலாபுறமும் 'ஆமென்', 'சொல்லு, சொல்லு' என்று குரல் வருவதை நேரில் பார்த்தேன். கவுன்சிலிங் அறையில் இரண்டு மாதம் ஆகியும் வராத வாக்கியம் அங்கே இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. இப்போது நிறைய பேர் 'கடவுளும் வேண்டும், தெரபிஸ்ட்டும் வேண்டும்' என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

ஆண்கள் பக்கம் சலூன். அர்கன்சாஸில் லொரென்சோ லூயிஸ் என்பவர் 2016 வாக்கில் முடிதிருத்துநர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முடி வெட்டிக்கொண்டே எப்படிக் காது கொடுப்பது, எப்போது உதவிக்கு அனுப்புவது என்று. கத்தியைக் கழுத்தில் வைக்க விடுகிறான் என்றால் அவனிடம் பேசவும் செய்வான்தானே.

பேசினாலும் அனுப்புவதற்கு ஆள் வேண்டுமே என்பது அடுத்த தலைவலி. அமெரிக்க மனநல மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்.

குருவிக்கூடு | திங்கள், மாலை 6:25

அமெரிக்காவையும் லண்டனையும் விட்டு வெளியே வாங்க கொஞ்சம். நான் மென்பொருள் வேலையாக ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இரண்டு வருடம் இருந்தேன். ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல். யோசனை அளவுக்கு மீறிப் போவது. 'அவனுக்குக் குஃபுங்கிசிசா' என்று பஸ்ஸிலேயே சொல்வார்கள், வெட்கமே கிடையாது. அதே ஆளிடம் 'உனக்கு மனநோய்' என்றால் அடிக்க வருவான். அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 2013 பதிப்பில் இந்தச் சொல்லே ஏறியிருக்கிறது.

டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ம்பாரே என்ற நெரிசலான பகுதியில் ஒரு வேலை ஆரம்பித்தார். கட்டடம் இல்லை, பணம் இல்லை, நர்ஸுகளுக்கு நேரமில்லை. கிடைத்தது சுகாதாரத் தொண்டு செய்யும் பதினாலு பாட்டிகள். கிளினிக் வாசலில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. முதலில் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார். ஈ காக்கை வரவில்லை. பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். 'நட்பு பெஞ்சு' ஆனதும் ஆள் வர ஆரம்பித்தது.

பாட்டிகள் 'டிப்ரஷன்' என்ற சொல்லை எடுப்பதே இல்லை. முதல் கட்டம் 'குவுரா ஃபுங்வா', மனதைத் திறப்பது. பிறகு தூக்கி நிறுத்துவது, பிறகு வலுவாக்குவது. இருக்கிற நாலு கஷ்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு வழி பார்ப்பார்கள். வாடகையாக இருக்கலாம், குடிகாரப் புருஷனாக இருக்கலாம், எச்.ஐ.வி. மாத்திரையாக இருக்கலாம். 2016-இல் இதன் ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 24 கிளினிக், 573 பேர். ஆறு மாதத்துக்குப் பிறகு வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான். மாதிரி பார்த்து நியூயார்க் வரை பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி | திங்கள், இரவு 8:48

அருமை. ஆனால் ஒரு கடிவாளம் போடுகிறேன், கோபிக்க வேண்டாம். இந்த இழை மெதுவாக 'மருந்தெல்லாம் வெள்ளைக்காரன் சதி, பாட்டியும் பாட்டும் போதும்' என்ற பக்கம் சாய்கிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். ஆனாலும் படிக்கிறவன் அப்படி எடுத்துக்கொள்வான்.

குஃபுங்கிசிசா வேறு, யாருமில்லாதபோதும் காதில் குரல் கேட்பது வேறு. பாட்டிகளே கடுமையான நோய் என்றால் மேலே அனுப்புகிறார்கள். இன்னொன்று, கறுப்பினத்தவர் தற்கொலை செய்துகொள்ள மாட்டார்கள், அது வெள்ளையர் வியாதி என்று அந்தச் சமூகத்திலேயே ரொம்ப காலம் ஒரு பேச்சு இருந்தது. 2018-இல் வந்த ஒரு ஆய்வில் 5 முதல் 12 வயதுக் கறுப்பினக் குழந்தைகளின் தற்கொலை வீதம் வெள்ளைக் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு. அடுத்த வருடம் நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர் குழு இதற்கென்றே அறிக்கை போட்டது. 'நாங்கள் தாங்குவோம்' என்ற வரையறையைப் பத்து வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

மருந்துப் பக்கமும் சுத்தமில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கறுப்பின அமெரிக்கருக்கு மனச்சிதைவு என்று எழுதுவது வெள்ளையருக்கு எழுதுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் எத்தனையோ பேர் உண்மையில் மனச்சோர்வுக்காரர்கள். நான் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை சில நேரம் தப்பான ஆளுக்குப் போகிறது என்பதுதானே இதன் பொருள்.

கரிசல் | திங்கள், இரவு 9:30

கடிவாளம் சரிதான். இரண்டையும் சேர்த்து ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார், தாமஸ் லம்போ. நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் 1954-இல் ஆரம்பித்தார். நோயாளியைப் பூட்டி வைக்காமல், ஒரு உறவினரோடு ஆரோ மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் குடிவைத்தார். பகலில் மருத்துவமனையில் நவீன சிகிச்சை, மாலையில் கிராமம், சமையல், வயல். பாரம்பரிய வைத்தியர்களையும் கூட்டாளி ஆக்கினார். கிராமத்தாருக்கு வாடகை வருமானம். குடும்பம் இல்லாத நோயாளி அரை நோயாளி என்பது அங்கே தத்துவமில்லை, சேர்க்கை விதி.

நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில், 1946-இல் செயின்ட் ஃபிலிப்ஸ் சர்ச்சின் அடித்தளத்தில் லஃபார்க் கிளினிக் என்று ஒன்று இருந்தது. கட்டணம் 25 சென்ட். அந்தக் காலத்து ஹார்லெம் பேச்சில் 'எப்படி இருக்கே' என்றால் 'நான் எங்கேயுமே இல்லப்பா' என்பார்களாம். அதை நோயின் பெயராக எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை. அந்த நிலவறையில் இருந்தவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள், வீட்டு வாடகை, போலீஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நோய் என்று பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் நடந்தது.

தேம்ஸ்கரையான் | செவ்வாய், காலை 6:50

'எங்கேயுமே இல்லை.' இதை இன்று வார்டில் ஒருவருக்குச் சொல்லிக் காட்டவேணும். போன கிழமை அவர் சொன்னது கிட்டத்தட்ட இதேதான், கோப்பில் 'நோயாளி இடம் குறித்த தெளிவின்றி உள்ளார்' என்று எழுதியிருந்தது.

பொடிநடை | செவ்வாய், காலை 8:15

சரி, தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் 🙂 ஆனால் என் கேள்வி நிற்கிறது. அக்காவின் கையில் இருக்கும் படிவத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம்தானே. இவ்வளவும் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

வைகைக்கரை | புதன், இரவு 11:35

மன்னிக்கவும், இரண்டு நாள் நைட் ஷிஃப்ட், இப்போதுதான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. கேட்கிற வரிசையை மாற்ற முடியும். நேற்றுச் சேர்ந்த மூன்று பேரிடம் 'மனநலம்' என்ற சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, 'தூக்கம் எப்படி? வீட்டில் யாரையெல்லாம் பார்த்துக்கொள்கிறீர்கள்? உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் சாதாரணமாகப் பதில் வந்தது. மூன்றாவதுக்கு ஒருவர் சிரித்தார், ஒருவர் யோசித்தார், ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கூடுதலாக நாலு நிமிடம் ஆனது. மேற்பார்வையாளர் கவனித்துவிட்டார், அது தனிக் கதை.

அந்த அம்மா வீட்டுக்குப் போகும் முன், குறிப்புப் பகுதியில் மேற்கோள் குறி போட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'நரம்பு சரியில்லை. ஆனால் பிள்ளைகள் ஒருநாளும் லேட்டில்லை.' காலையில் ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் அதைப் படித்துவிட்டு நரம்பியல் நிபுணருக்கு எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், முதலில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.